எழுதி வைத்த தொழில்

வாணிபம் நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. மரக்கலங்களைச் செலுத்தியோர் மரக்காயர் எனப் பெயர் பெற்றனர் என்பர். குதிரையோடு வாழ்ந்தோர் இராவுத்தர் ஆயினர் என்பர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைக் குறித்து எழுதிய மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து அங்கே குதிரைகள் வந்திறங்கியதைக் குறிப்பிடத் தவறவில்லை. 17ஆம் நூற்றாண்டின் கொடைவள்ளலாக நாம் போற்றும் கீழக்கரைச் சீதக்காதி ஒரு கடல் வணிகர். இவர்களுக்கெல்லாம் மேலாக, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவம் அருளப்பெறுமுன் அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை ஏற்று ஷாம் நாட்டுக்கு வாணிபம் சென்று வந்த வரலாற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர்.

இப்பெருமைகளை மீலாது மேடைகளில் கேட்டு மகிழ்கின்றோம். மகிழ்ந்து வீடு திரும்பும் வழியில், அந்த வரலாற்றில் முதல் போட்டவர் ஒரு பெண்மணி என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம். சரக்கு அன்னையாருடையது, கணக்கும் அன்னையாருடையது, ஊரார் அந்த வாணிபத்தை அறிந்ததும் அன்னையாரின் பெயராலேயே.

நாம் இன்று எழுத முனைவது கப்பல் வாணிபத்தைப் பற்றியன்று. பெயர்ப்பலகை இல்லாத ஒரு வாணிபம் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு நடைபெறுகின்றது. அடுப்படியிலும், தாழ்வாரத்திலும், தையல் எந்திரத்தின் முன்னும் அமர்ந்து நம் பெண்மக்கள் நடத்தும் வாணிபம் அது. இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் தொதல் கிளறுகின்றார்கள். நோன்பு மாதத்தில் சமோசா மடித்துக் கடைகளுக்கு அனுப்புகின்றார்கள். திருமணம் பேசி முடித்த வீடுகளுக்குப் பலகாரம் சுட்டுத் தருகின்றார்கள். நெல்லைச் சீமையின் பத்தமடையில் கோரையைப் பட்டுப்போல் நெய்து பாய் முடைகின்றார்கள். இவர்களுள் எத்தனை பேருடைய தொழில் எங்கேனும் எழுதப்பட்டிருக்கின்றது? எவருடைய பெயரில் எழுதப்பட்டிருக்கின்றது? இந்த இரு வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

சொல்லை நம்பி வாணிபம் செய்த பரம்பரை நாம். “சொன்னால் சொன்னதுதான்” என்பது நம் முன்னோரின் முத்திரை. ஒரு கைகுலுக்கலில் ஒரு கப்பற் சரக்கு கை மாறியதெனப் பெரியவர்கள் பெருமையோடு கூறக் கேட்டிருக்கின்றோம். அந்தப் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் சொல்லை நம்புவதே மார்க்கத்துக்கு உகந்தது, எழுதிக் கேட்பது ஐயப்படுவதாகும் என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றதே, அதனைச் சற்று ஆராய வேண்டும்.

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதா, நோன்பைப் பற்றியதா, ஹஜ்ஜைப் பற்றியதா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே அது. தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதனை எழுத்தில் பதிவு செய்துகொள்ளுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பல் கொள்ள வேண்டாமென்றும் அறிவுறுத்தும் வசனம் அது. நம்பிக்கைக்கு மாறானது எழுத்து என்றால், நம்பிக்கையாளர்களை விளித்து அல்லாஹ் ஏன் இதனை விதிக்க வேண்டும்? வலியவனுக்குச் சாட்சி தேவையில்லை. அவன் குரலே அவனுக்குச் சாட்சி. எளியவனுக்கும், அநாதைக்கும், விதவைக்கும் எழுத்தே சாட்சியாக நிற்கும். இதனை நமக்கு விளங்க வைத்தது நம் ஊரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி.

பதினாறு ஆண்டுகள் தொதல் கிளறிய கை ஒன்று நம் தெருவில் உண்டு. அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் பெரிய வட்டாவில் ஏற்றி, துடுப்பை விடாமல் மணிக்கணக்கில் கிளற வேண்டிய பலகாரம் அது. கை சற்று நின்றால் அடி பிடித்துவிடும். எண்ணெய் பிரிந்து வரும் பக்குவம் எது என்பதை ஏட்டில் எழுதிக் காட்ட இயலாது, கைதான் அறியும். அந்தப் பெண்மணியின் கணவர் கடைவீதியில் சிறு கடையொன்று வைத்திருந்தார். கடையின் வாடகைச் சீட்டு அவர் பெயரில். உணவுப் பதிவுச் சான்று அவர் பெயரில். பெட்டியின் மேல் ஒட்டிய தாளிலும் அவர் பெயரே. மனைவியின் பெயரைக் கடைவீதியில் எழுதுவது மரியாதையன்று என அந்த நல்ல மனிதர் கருதினார். நம் ஊரில் அவ்வாறு கருதாதவர் எவர்?

ஒரு நாள் சுப்ஹுத் தொழுதுவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். அன்றே இறையடி சேர்ந்தார். மனைவி இத்தாவில் அமர்ந்தார். கடை பூட்டப்பட்டது, வாடகை ஏறியது. கணவரின் தம்பி பொறுப்புள்ளவர். அண்ணனின் கடை அழியக் கூடாதென்று எண்ணித் தம் பெயரில் புதிய பதிவு பெற்று, சமையலுக்கு ஒரு பண்டாரியை அமர்த்திக் கடையைத் திறந்தார். இத்தா முடிந்து அப்பெண்மணி வெளிவந்தபோது பெட்டியின் தாளில் பெயர் மாறியிருந்தது. வாடிக்கையாளர் கடையை நோக்கிச் சென்றனரேயன்றி அவரது அடுப்பை நோக்கி வரவில்லை. மைத்துனர் மாதந்தோறும் ஒரு தொகையை மறவாமல் கொடுத்தனுப்பினார். பதினாறு ஆண்டுகள் தாம் நடத்திய தொழிலிலிருந்து உதவித்தொகை பெறுபவராக அவர் ஆனார்.

ஜமாஅத் பெரியவர்கள் கூடிப் பேசினர். “தொழிலில் உமக்குப் பங்கு உண்டு என்பதற்கு ஏதேனும் ஆதாரம் உண்டா?” என்று கேட்டனர். ஊரே சாட்சி; ஆனால் ஊர் என்பது ஒரு தாளில் கையெழுத்திடாது. நம் இல்லத்தாரிடம் அவர் சொல்லிச் சென்ற சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை: “கை என்னோட கைதான் லாத்தா, பேருதான் அவங்க பேரு. பேரு மவுத்தானதும் கையும் சேந்து மவுத்தாயிருச்சு.”

இதில் எவரையும் பழிப்பதற்கில்லை. தம்பி வஞ்சகர் அல்லர். கணவர் கொடியவர் அல்லர். சட்டமும் வழி வகுக்காமல் இல்லை. 2011ஆம் ஆண்டின் உணவு உரிமம் மற்றும் பதிவு விதிகளில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. பதிவுச் சான்று பெற்றவர் இறந்துவிட்டால், அச்சான்று அவருடைய வாரிசுகளின் அல்லது குடும்பத்தாரின் நன்மைக்காக, இறந்த நாளிலிருந்து 90 நாட்கள் உயிரோடிருக்கும். அதற்குள் விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அலுவலர் விரும்பினால் காலத்தை நீட்டித்தும் தரலாம்.

வாசக அன்பர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதமும் பத்து நாட்களும். பிறைக் கணக்கில் ஏறத்தாழ 128 நாட்கள். கருவுற்றிருப்பின் மகப்பேறு வரை. ஆக, விதி தரும் 90 நாட்களும் ஒரு முஸ்லிம் விதவைக்கு இத்தாவுக்குள்ளேயே கழிந்துவிடுகின்றன. இன்றியமையாத் தேவைக்காகப் பகற்பொழுதில் வெளியே சென்று வரலாம் என்று ஆலிம்கள் விளக்கம் கூறினும், நம் ஊர்களின் வழக்கம் அதற்கு இடம் தருவதில்லை. அவருக்காக மகனோ, சகோதரரோ விண்ணப்பிக்கலாம்; வீட்டிலிருந்தே இணையத்தின் வழி விண்ணப்பிக்கலாம்; கால நீட்டிப்பும் கோரலாம். ஆனால் மய்யித்து வீட்டில் இதனை எடுத்துச் சொல்ல எவர் இருக்கின்றார்? மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வருவோருள் ஒருவராயினும் “லாத்தா, கடைச் சான்று எங்கே இருக்கிறது?” என்று கேட்டதை நாம் கண்டதில்லை.

எனவே, தொழில் தொடங்கும் நாளிலேயே எவர் கை உழைக்கின்றதோ அவர் பெயரில் பதிந்துவிடுவதே நேரிய வழி. அது அத்தனை கடினமா? கடினம் என்று நம் மக்கள் எண்ணிக்கொண்டிருப்பதே பாதிக் கடினம்.

வீட்டில் பலகாரம் செய்து விற்பவருக்குத் தேவைப்படுவது முதலாவதாக உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெரிய ஆலைகளுக்கு உரிமம். சிறு தொழிலருக்கு வெறும் பதிவு. 2011 விதிகள் வகுத்தபடி ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் சிறு தொழிலர்; ஆண்டொன்றுக்குக் கட்டணம் 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுவன ஆதலின், விண்ணப்பிக்கும் நாளில் கேட்டறிந்துகொள்ள வேண்டும். ஒரு புகைப்படமும் அடையாளச் சான்றும் கொண்டு, இ-சேவை மையத்திலோ வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியிலோ விண்ணப்பிக்கலாம். பதிவாகிவிட்டால் 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். ஊர்தோறும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் பொறுப்பில் இருக்கின்றார்; மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர் இருக்கின்றார்.

அலுவலகம் என்றாலே அலைச்சல் என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. அதே 2011 விதிகள், விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் பதிவு வழங்க வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் தந்து மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்வையிட அறிவிப்புத் தர வேண்டும் என்று அலுவலருக்குக் கட்டளையிட்டன. 30 நாட்கள் கழிந்தும் எந்த முடிவும் தெரிவிக்கப்படாவிடில், சிறு தொழிலர் தம் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்றும் கூறின. விதியை அறிந்தவர் சாளரத்தின் முன் நிற்கும் நிலை வேறு. அறியாதவர் நிற்கும் நிலை வேறு. அறிந்தவர் இரக்கவும் மாட்டார். இடைத்தரகரைத் தேடவும் மாட்டார்.

பதிவு எண்ணோடு பெட்டியின் மேல் எழுத வேண்டியவையும் சில உண்டு. உட்பொருள்கள், நிகர எடை, செய்த நாள், எதுவரை உண்ணத் தக்கது என்னும் நாள், விலை, செய்தவரின் பெயரும் முகவரியும். “நம் பக்குவத்தை ஊருக்கெல்லாம் எழுதிக் காட்டுவதா?” என்று சிலர் முகஞ்சுளிப்பர். மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலொன்றின் உள்ளே நபிபெருமான் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சியை அவர்கள் நினைவுகூர வேண்டும். மேலே உலர்ந்திருந்த குவியலின் அடியில் ஈரம் இருந்தது. மழையில் நனைந்ததென்று வணிகர் காரணம் சொன்னார். ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று பெருமானார் எச்சரித்தார்கள். பெட்டியின் மேல் ஒட்டும் தாள் ஈரத்தை மேலே எடுத்து வைப்பதல்லாமல் வேறென்ன? இன்று அரசு கேட்கும் இத்தாளைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் தலைவர் கேட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, சிறுதொழில் நிறுவனம் என்னும் பதிவு. 2020 ஜூலை 1 முதல் இது ‘உத்யம்’ என்ற பெயரில் நடைபெற்று வருகின்றது. ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் பதியலாம். அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. கட்டணமில்லாத இதற்கு நூற்றுக்கணக்கில் பணம் பறிப்போரும் உளர். எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கடை வைப்போர் நகராட்சியிடமோ பேரூராட்சியிடமோ ஊராட்சியிடமோ தொழில் உரிமம் வேண்டுமா என்று கேட்டறிந்து பெற வேண்டும். இவற்றுள் எது தேவை, எது தேவையில்லை என்று வகைப்படுத்திச் சொல்வதற்கென்றே மாவட்டத் தொழில் மையம் இருக்கின்றது. 1978ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் தொடங்கப்பட்ட அமைப்பு இது. அதன் வாசற்படியை மிதித்தவர்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

ஏன் மிதிப்பதில்லை? மூன்று அச்சங்கள் நம்மைத் தடுக்கின்றன.

முதல் அச்சம் வரி. பதிந்தால் வரி வந்துவிடும் என்பது. உணவுப் பதிவு வேறு. வரிப் பதிவு வேறு. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவுக்கான ஆண்டு விற்பனை வரம்பு 2019 ஏப்ரலில் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதம் இருபதாயிரம் முப்பதாயிரத்துக்குத் தொதல் விற்கும் ஒரு பெண்மணி அந்த வரம்பின் அருகே செல்வதற்கே பல்லாண்டுகள் ஆகும்.

இரண்டாம் அச்சம் வட்டி. இதுவே நம் மக்களிடத்தில் ஆழமானது, மதிக்கத் தக்கதும்கூட. அரசு உதவி என்றாலே வங்கிக் கடன், வங்கிக் கடன் என்றாலே வட்டி, ஆகவே அந்தப் பக்கமே தலைவைப்பதில்லை என்று பேணுதலுள்ள குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு உதவி உண்டு. பெண்களும் சிறுபான்மையினரும் கிராமப் பகுதியில் தொடங்கினால் 35 விழுக்காடு மானியம். தம் கையிலிருந்து போட வேண்டியது 5 விழுக்காடு. கேட்க இனிக்கின்றது. ஆனால் எஞ்சியது வங்கிக் கடன். மானியமும் மூன்றாண்டுகள் வங்கியிலேயே இருப்பாக நின்று பிறகே கடனில் கழிக்கப்படும் என்பது அதன் விதி. 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்ட திட்டம் அது; அதற்குப் பிந்தைய நிலையைத் தொழில் மையத்தில் கேட்டறிய வேண்டும். அதனை ஏற்கலாமா என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆலிம்களை நாடிக் கேட்டு, அவரவர் மனச்சான்றுக்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் ஒன்றை நாம் அழுத்தமாகக் கூறுவோம். கடன் வேறு, பதிவு வேறு. உணவுப் பதிவிலும், உத்யம் பதிவிலும், நகராட்சி உரிமத்திலும் வட்டி ஒரு காசும் இல்லை. கடனை விலக்குவதாக எண்ணிச் சான்றையும் சேர்த்து விலக்கிவிட்டோம். ஹராமை விட்டு ஓடுகின்ற வேகத்தில் ஹலாலையும் வாசலில் விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் ஆனோம். பேணுதல் என்பது இரண்டையும் பிரித்தறிவதாகும்.

வட்டியில்லாத உதவிக்கும் வழியில்லாமல் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட ஆட்சித்தலைவரின் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் ஒன்று இயங்குகின்றது. ஊர்ச் செல்வந்தர்களிடமிருந்து சங்கம் நன்கொடை திரட்டினால் அதற்கு அரசு இணை மானியம் தருகின்றது. அந்தப் பணம் கணவனை இழந்தோருக்கும், கைவிடப்பட்டோருக்கும், வறியோருக்கும் சிறுதொழில் தொடங்கவும் பிழைப்புக்கு வழி தேடவும் பயன்படுகின்றது. அதாவது, நம் ஊர்ச் செல்வர் ஒருவர் ஒரு ரூபாய் கொடுத்தால் அது தனியாகப் போவதில்லை. அரசின் பணமும் அதனோடு சேர்ந்து போகின்றது. நாம் நன்கொடை திரட்டாவிடில் அரசின் பங்கும் வராது. இந்தக் கணக்கை நம் செல்வந்தர்களுக்கு எவரேனும் எடுத்துச் சொல்லியிருக்கின்றார்களா?

மூன்றாம் அச்சம் பெண்ணின் பெயர் வெளியே தெரிவது. புகைப்படம் கேட்பார்கள், அலுவலர் வீட்டைப் பார்வையிட வருவார், பெட்டியில் பெயர் அச்சாகும் என்றெல்லாம் தயங்குகின்றோம். கடவுச்சீட்டுக்கும் குடும்ப அட்டைக்கும் அதே பெண்ணின் புகைப்படத்தைத் தந்தோமே, அப்போது இந்தத் தயக்கம் எங்கே போயிற்று? ஹஜ்ஜுக்குச் செல்ல ஒரு சான்று வேண்டும் என்பதை ஏற்கும் நாம், ஹலாலான உணவைச் சம்பாதிக்கவும் ஒரு சான்று வேண்டும் என்பதை ஏற்கலாகாதா?

மனைவி பெற்ற மஹர் மனைவியின் உடைமை என்றும், அவள் ஈட்டிய பொருளில் கணவனுக்கு உரிமையில்லை, அவள் மனமுவந்து தந்தாலன்றி அதனைத் தொடலாகாது என்றும் நம் மார்க்கம் கூறுவதை மேடைகளில் பிற சமயத்தாருக்கு எடுத்துரைத்துப் பெருமிதம் கொள்கின்றோம். இந்தச் சட்டத்தை மார்க்கம் தந்துவிட்டது. அதனைத் தாளில் ஏற்றும் வேலையை நம்மிடம் விட்டிருக்கின்றது. அவள் ஈட்டுவதை அவள் பெயரில் எழுதாதவர், அவளுக்கு மார்க்கம் தந்ததைச் சொல்லளவில் மட்டுமே தந்தவராவார்.

வீட்டுக்கு வெளியே தெருவோரத்தில் தட்டு வைத்து விற்போருக்கும் இது பொருந்தும். அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் தெருவில் வடையும் சமோசாவும் விற்போரைக் காவலரோ நகராட்சியோ ஓர் அதட்டலில் அப்புறப்படுத்துவதைக் கண்டிருக்கின்றோம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் பெறும் உரிமையைத் தந்திருக்கின்றது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உரியன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. கணக்கெடுப்பு நடக்கும் நாளில் தெருவில் இல்லாதவர், கணக்கிலும் இல்லாதவர் ஆகிவிடுகின்றார். அந்த நாளை அவருக்கு முன்கூட்டிச் சொல்வது எவர் கடமை?

இங்கேதான் மஹல்லா ஜமாஅத்தின் பொறுப்பை நினைவூட்ட விழைகின்றோம். திருமணப் பதிவேட்டை நாம் எத்தனை கவனமாகப் பேணுகின்றோம்! மணமகன் பெயர், மணமகள் பெயர், வலீ, இரு சாட்சிகள், மஹர் எவ்வளவு என்று ஒரு வரியும் விடாமல் எழுதி வைக்கின்றோம். எழுதும் பழக்கம் நமக்கு இல்லையென்று எவரும் கூற இயலாது. அந்தப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஏட்டை வைக்கலாகாதா? இந்த மஹல்லாவில் எந்த வீட்டில் என்ன தொழில் நடக்கின்றது, சான்று உண்டா, எவர் பெயரில், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்னும் நான்கு பத்திகள் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசையும், கணினி அறிந்த இரண்டு இளைஞர்களும் இருந்தால் ஒரு மாதத்தில் ஓர் ஊரின் அடுப்படித் தொழில்கள் அனைத்தையும் பதிந்துவிடலாம். பெண்களின் மதரஸாவில் அதே மேசையைப் பெண்களே நடத்தலாம். தொழில் மையத்தின் மேலாளரையும் உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் அழைத்து ஒரு மாலைப்பொழுது பேசச் செய்யலாம், அழைத்தால் வருவார்கள். இத்தாவில் அமர்ந்த பெண்ணின் வீட்டுக்கு உணவு அனுப்புவதோடு, 90 நாள் கெடு எந்தத் தேதியில் முடிகின்றதென்று எழுதிய ஒரு தாளையும் அனுப்பலாம்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றது. ஓர் ஊரின் பெயர் அந்த ஊர்க் கைத்திறனோடு சட்டப்படி எழுதப்பட்டுவிட்டது. வேறு எவரும் எங்கோ நெய்த பாயை அப்பெயரால் விற்றால் கேட்க முடியும். ஊருக்குக் கிடைத்த அந்தக் காப்பு, அந்த ஊரில் பாய் முடையும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரில் கிடைக்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

நாம் மேலே குறிப்பிட்ட பெண்மணி மீண்டும் அடுப்பு மூட்டியிருக்கின்றார். உறவினர் இருவர் வட்டியின்றி அழகிய கடன் கொடுத்தனர். எத்தனை மாதத்தில் எவ்வளவு திருப்புவதென்று தாளில் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டனர். கடன் கொடுத்தவரே முதலில் தாளை நீட்டினார் என்பதையும், அதனால் எவருக்கும் மனவருத்தம் நேரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். உணவுப் பதிவு அவர் பெயரிலேயே கிடைத்தது. கணவரின் தம்பியும் பெருந்தன்மையோடு தம் கடையில் அவருடைய பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கின்றார். விற்பனை பழைய அளவில் கால்பங்கு இருக்கலாம். ஆயினும் தாளில் அச்சாகியிருப்பது அவர் பெயர். நாளை அவருடைய மகளுக்கு அந்தத் தொழில் செல்லும்போது, எவரிடமிருந்து வந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஓர் ஏடு இருக்கும்.

நம் வீடுகளில் இன்னும் எழுதப்படாத தொழில்கள் எத்தனையோ இருக்கின்றன. இந்த இதழை மூடி வைத்ததும் உங்கள் வீட்டு அடுப்படிக்குச் சென்று, அங்கே உழைப்பவரிடம் அவர் தொழில் எவர் பெயரில் இருக்கின்றதென்று கேளுங்கள். இல்லையெனில் இவ்வாரமே எழுதி வையுங்கள். உழைக்கும் கைகளுக்கு வல்ல நாயன் பரக்கத்தை அருள்வானாக! ஆமீன்.